தொட்டியில் ஒரே இரவில் இரண்டு நண்டு ஆனது எப்படி?

உங்கள் கேள்வியை என் சொல்லில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். வயலில் பிடித்த ஒரு சின்ன நண்டை உங்கள் மகள் கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கிறாள். சில நாளாக அது தீனி எடுக்காமல் மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. ஒரு காலையில் பார்த்தால் தொட்டியில் இரண்டு நண்டு. ஒன்று அசையவே இல்லை. எடுத்துப் பார்த்தால் வெறும் ஓடு. கண், கால், கொடுக்கு எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. முன்பு உடைந்துபோன ஒரு காலும் உயிருள்ள நண்டில் இப்போது குட்டியாக முளைத்திருக்கிறது. வளரும்போது எல்லா விலங்கும் இப்படி உரிக்குமா, அவ்வளவு பெரிய கொடுக்கு அந்த ஊசி மூட்டு வழியாக எப்படி வெளியே வந்தது, அதற்கு வலிக்குமா என்று மகள் கேட்கிறாள். உங்களிடம் பதில் இல்லை.

நான் மீன்வளம் படித்தவன். 18 வருடமாக இறால் பண்ணைகளிலும் சேற்று நண்டு வளர்ப்பிலும் வேலை செய்கிறேன். அதனால் நண்டு, இறால் பற்றிச் சொல்வதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். பூச்சிகளைப் பற்றிப் படித்த அளவுக்குச் சொல்வேன். பாம்பும் பறவையும் என் துறை அல்ல, அவற்றை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

நாம் இதைச் 'சட்டை உரிப்பது' என்கிறோம். பாம்புக்கு அந்தச் சொல் சரியாகப் பொருந்துகிறது. நண்டு விஷயத்தில் அதுவே நம்மைக் குழப்பியும் விடுகிறது. நண்டு கழற்றுவது சட்டையை அல்ல, தன் எலும்புக்கூட்டை. நமக்குச் சதை வெளியே, எலும்பு உள்ளே. நண்டுக்கு எலும்பு வெளியே, சதை உள்ளே. அதன் ஒவ்வொரு தசையும் ஓட்டின் உட்புறத்தில்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் எலும்புக்குள் உயிரணுக்களும் இரத்தக்குழாயும் இருப்பதால் அது உடம்போடு சேர்ந்து வளர்கிறது. நண்டின் ஓடு கைட்டின் என்ற நாரும் புரதமும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகிய பொருள். ஒருமுறை இறுகிவிட்டால் அது ஒரு நூல் அளவுகூட விரியாது. நத்தைக்கும் சங்குக்கும் இந்தத் தொல்லை இல்லை. அவை வாய்ப்பக்க விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டே போகும், பழைய ஓடு உள்சுற்றாக அப்படியே இருந்துவிடும். நண்டுக்கு அப்படிச் சேர்த்துக் கட்ட விளிம்பு எதுவும் கிடையாது. சுற்றிலும் மூடியிருக்கிறது. வளர வேண்டுமானால் மொத்தமாக வெளியே வந்தாக வேண்டும்.

எல்லா விலங்கும் இப்படித்தானா என்றால், இல்லை. ஆனால் உலகத்து விலங்கு வகைகளை எண்ணிப் பார்த்தால் உரிப்பவைதான் பெரும்பான்மை, ஏனென்றால் பூச்சிகள் மொத்தமும் இந்தப் பக்கம். சிலந்தி, தேள், பூரான், இறால், படகின் அடியில் ஒட்டும் கொட்டலசு எல்லாம் உரிப்பவை. கண்ணுக்குத் தெரியாத உருளைப்புழுக்கள்கூட வளர்ந்து முடிவதற்குள் நான்கு முறை தோலை விடும். 1997ல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து, இந்த உரிக்கும் கூட்டமெல்லாம் ஒரே பழைய மூதாதையின் வழி வந்தவை என்று ஒரு குழு சொன்னது. அன்று பலர் ஏற்கவில்லை. இன்று பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பாம்பு அந்தக் கூட்டத்தில் இல்லை. அதற்கு உள்ளே முதுகெலும்பு இருக்கிறது, அது தன் பாட்டுக்கு வளரும். பாம்பு விடுவது தேய்ந்துபோன மேல்தோலை மட்டும்தான். நம் தோலும் தினமும் பொடிப்பொடியாக உதிர்கிறது. பாம்பு அதையே சேர்த்து வைத்து ஒரே துண்டாக விடுகிறது என்று மகளிடம் சொல்லலாம். வளரும் குட்டிப்பாம்பு அடிக்கடி உரிக்கும் என்பது உண்மை. ஆனால் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுபோன கிழட்டுப் பாம்பும் உரித்துக்கொண்டுதான் இருக்கும். மயில் தோகையை உதிர்ப்பதும் வளர்ச்சிக்காக அல்ல. முளைத்து முடிந்த இறகு உயிரற்ற பொருள், தேய்ந்தால் தானாகச் சரியாகாது, அதனால் புதிது முளைக்க வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் நண்டுக்கு வருகிறேன். அந்த இரவில் நடந்தது இந்த வேலையின் கடைசித் துளி மட்டும்தான். வேலை பல நாள் முன்பே தொடங்கிவிட்டது. முதலில் ஓட்டுக்கு அடியில் இருக்கும் உயிருள்ள தோல், ஓட்டிலிருந்து மெல்ல விலகும். விலகிய இடைவெளியில் ஒரு திரவம் சுரக்கும். அதில் உள்ள நொதிகள் பழைய ஓட்டின் உள்ளடுக்கைக் கரைக்கும். கரைந்த சத்து வீணாகாது, உடம்புக்குள் திரும்பிப் போய்விடும். அதே சமயம் அந்தத் தோல் தனக்கு மேலே புது ஓட்டின் வெளியடுக்குகளைக் கட்டத் தொடங்கும். அதாவது உரிப்பதற்குச் சில நாள் முன்பு நண்டுக்கு இரண்டு ஓடு இருக்கும், ஒன்றுக்குள் ஒன்றாக. உள்ளே இருப்பது மெத்தென்று, சுருக்கம் சுருக்கமாக, பெட்டியில் மடித்து வைத்த புடவை போல இருக்கும். உங்கள் நண்டு மூலையில் ஒதுங்கியதும், தீனியை நிறுத்தியதும் இந்தக் கட்டத்தில்தான்.

இதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்க முடியும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நீல நண்டு பிடிப்பவர்கள், கடைசிக் காலின் துடுப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார்கள். விளிம்பை ஒட்டி உள்ளே ஒரு மெல்லிய கோடு தெரியும். அது பழைய துடுப்புக்குள் உருவாகிவரும் புதுத் துடுப்பின் ஓரம். கோடு வெள்ளையாக இருந்தால் இரண்டு வாரத்துக்குள், இளஞ்சிவப்பானால் ஒரு வாரத்துக்குள், சிவந்துவிட்டால் ஒன்றிரண்டு நாளில் உரிக்கும் என்று கணக்கு. இறாலில் நாங்கள் வால் துடுப்பின் ஓரத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறோம். பழைய மயிருக்கு உள்ளே புது மயிர் சுருண்டு கிடப்பது தெரியும். இந்தக் கட்டங்களை 1939ல் பிரெஞ்சுக்காரர் த்ராக் வகுத்துக் கொடுத்தார். இன்றும் ஏ, பி, சி, டி என்று அவர் முறையைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறோம்.

சுண்ணாம்பு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கடல் நண்டுக்குக் கவலை இல்லை, கடல்நீரில் கால்சியம் ஏராளம், உரித்த பிறகு செவுள் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். ஆற்றிலும் வயலிலும் இருப்பவற்றுக்கு அவ்வளவு கிடைக்காது, அதனால் சேர்த்து வைத்துக்கொள்ளும். நன்னீர்க் கல்லிறால்கள் இரைப்பைச் சுவரில் இரண்டு வெள்ளைக் கற்களாகச் சேர்க்கும். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் அந்தக் கற்களை 'நண்டுக்கண்' என்று மருந்தாக விற்றிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நன்னீர் நண்டு ஒன்று இரத்தத்திலேயே சேர்த்து வைக்கிறது. கழற்றிய ஓட்டையே தின்று சுண்ணாம்பை மீட்பதும் நன்னீரில் வாழ்பவற்றில் சகஜம். அதனால்தான் கடைசியில் உங்களுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கப் போகிறேன்.

உரிக்கும் நேரம் எப்படி இருக்கும்? சேற்று நண்டைத் தனித்தனிப் பெட்டியில் வைத்து, உரித்தவுடன் ஓடு இறுகும் முன்பே மென்னோட்டு நண்டாக எடுக்கும் பண்ணையில் இரவு முழுக்க சில மணிக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே நான் பலமுறை பார்த்த காட்சி இது. நண்டு தண்ணீரைக் குடித்து உப்பும். முதுகோட்டுக்கும் வயிற்று மடலுக்கும் நடுவில், பின்பக்கம், ஒரு பிளவு விழும். அந்தப் பிளவில் ஈரமான புது உடம்பு, பழையதைவிட அழுத்தமான நிறத்தில், பிதுங்கித் தெரியும். பிளவு வாய் போலத் திறந்துகொண்டே போகும். நண்டு முன்னால் வராது, பின்னால்தான் வரும். ஒரு மூச்சு தள்ளும், அப்புறம் சும்மா கிடக்கும், மறுபடி தள்ளும். பின்கால்கள் முதலில் உருவி வரும். கடைசியாக வருவது கொடுக்கு. கையுறையைக் கழற்றுவது போல இழுக்காது. விட்டு விட்டு, ஒரு துடிப்புக்குக் கொஞ்சமாக நழுவ விடும். முடிந்ததும் பழைய ஓட்டின் மூடி தானாகப் படிந்துகொள்ளும். அதனால்தான் உங்களுக்கு அது முழு நண்டாகத் தெரிந்தது.

கொடுக்கு எப்படி வந்தது என்பதுதான் மகள் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கல்லூரியில் இதே சந்தேகம் எனக்கும் வந்தது. பதில் இதுதான்: வருவதற்கு முன்பே கொடுக்கு தன் சதையை இளைக்க வைத்துக்கொள்கிறது. உரிக்கும் நாள் நெருங்கும்போது கொடுக்குத் தசையின் புரதத்தை உடம்பே உடைத்து உள்ளே வாங்கிக்கொள்ளும். தரை நண்டுகளில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அதோடு கொடுக்கில் இருக்கும் இரத்தமும் உடம்புக்குள் வாங்கப்படும், புது ஓடு இன்னும் துணி போலத்தான் இருக்கிறது. இளைத்த சதை, வற்றிய இரத்தம், மடியும் ஓடு இந்த மூன்றும் சேர்ந்தால் ஊசி மூட்டிலும் நுழையும். வெளியே வந்த பிறகு மறுபடி இரத்தம் பாய்ந்து கொடுக்கு உப்பும், சதையும் திரும்பக் கட்டப்படும். எப்போதும் இது சரியாக முடிவதில்லை. மாட்டிக்கொண்டால் நண்டு அந்தக் கொடுக்கை அடியோடு விட்டுவிட்டு வந்துவிடும். சில முழுவதும் வர முடியாமல் பாதியில் செத்தும் போகும். பெட்டிக்குள் பாதி உருவிய நிலையில் இறந்து கிடக்கும் நண்டைப் பார்ப்பது இன்றும் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

வெளியே வந்த நண்டை உள்ளங்கையில் வைத்தால் ஊறவைத்த அப்பளம் போலத் தொய்யும். சரி, எலும்பே இல்லாமல் அது எப்படி நடக்கிறது? தண்ணீரின் அழுத்தத்தை வைத்துத்தான். 2003ல் டெய்லர், கியர் என்ற இருவர் நீல நண்டில் இதைக் காட்டினார்கள். ஓடு இறுகும்வரை உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தமே எலும்பு வேலையைச் செய்கிறது, மண்புழு தன் உடம்பை நிமிர்த்துவது போல. அந்தச் சில மணி நேரத்தில் நண்டு இன்னும் தண்ணீரைக் குடித்து, மடிப்பெல்லாம் விரியும் வரை உப்பிக்கொள்ளும். இளம் நண்டு ஒரே உரிப்பில் அகலத்தில் கால் பங்கு அளவுக்குக் கூடிவிடும். பிறகு அந்த அளவிலேயே ஓடு இறுகும். அடுத்த உரிப்பு வரைக்கும் அளவு மாறாது.

இங்கே ஒன்றை விளங்கிக்கொண்டால் சந்தையில் ஏமாற மாட்டீர்கள். உரித்தவுடன் நண்டு பெரிதாகிவிடுகிறது, ஆனால் வளரவில்லை. கூடியது தண்ணீர். அந்தத் தண்ணீரை வெளியேற்றிச் சதையை நிரப்ப அதற்கு இன்னும் சில வாரம் ஆகும். பெரிய நண்டு என்று ஆசையாக வாங்கி, உடைத்துப் பார்த்தால் உள்ளே நீராக ஓடுகிறதே, அதுதான் தண்ணி நண்டு. ஏற்றுமதிக்கு எடுப்பவர்கள் அதைக் கழித்துவிடுவார்கள். கழித்ததை மலிவாக வாங்கி, மூன்று நான்கு வாரம் கழிவு மீனும் மட்டிச்சதையும் போட்டுச் சதை ஏற்றி விற்பதுதான் நண்டு கொழுக்க வைத்தல் என்ற தொழில். வாங்கும்போது நண்டைத் திருப்பி, காலடிப் பக்கம் வயிற்று ஓட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் வேண்டாம்.

எப்போது உரிக்க வேண்டும் என்று நண்டுக்கு யார் சொல்கிறார்கள்? உரிக்க வைக்கும் ஹார்மோன் எக்டைசோன். 1954ல் ஜெர்மனியில் புட்டனான்ட், கார்ல்சன் இருவரும் 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் படிகமாக முதன்முதலில் அதைப் பிரித்தெடுத்தார்கள். அரை டன்னுக்கு ஒரு சிட்டிகைகூட இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இதன் விளைவு நன்றாகத் தெரியும். புழு தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றுவிடும், இலை போடுவதை நிறுத்திவிடுவார்கள். நான்கு முறை இப்படி நின்று, உரித்து, புழு முழு வளர்ச்சி அடையும்போது பொரித்த நாளைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு எடை. முதல் தோலில் அது எப்படி அடங்கும்? பெரும்பாலான பூச்சிகள் இறக்கை முளைத்ததோடு உரிப்பதை நிறுத்திவிடும். நண்டு, இறாலில் பலவும் பெரிதான பிறகும் இடைவெளி விட்டு விட்டு உரிக்கும்.

நண்டில் வேடிக்கை என்னவென்றால், முடுக்கும் ஹார்மோன் தலைப்பகுதியில் சுரக்கிறது, தடுக்கும் ஹார்மோன் கண்ணைத் தாங்கி நிற்கும் கண்காம்பில் இருக்கிறது. நண்டின் உடம்பு எப்போதும் உரிக்கத் தயாராகவே இருக்கிறது, கண்காம்பு 'இரு, இரு' என்று பிடித்து வைத்திருக்கிறது என்று சொல்லலாம். கண்காம்பை நீக்கினால் நண்டு சீக்கிரம் உரிக்கிறது என்று 1905லேயே செலனி என்பவர் எழுதிவிட்டார். இனப்பெருக்கத்தைத் தடுக்கும் ஹார்மோனும் அங்கேயேதான் இருக்கிறது. அதனால் பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நசுக்கி முட்டையிட வைக்கும் வழக்கம் வந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் நானும் செய்திருக்கிறேன். மனம் ஒப்பிச் செய்ததில்லை. இப்போது அது இல்லாமலே முட்டை எடுக்கும் பொரிப்பகங்கள் கூடிவருவது எனக்குப் பெரிய நிம்மதி.

இதுவரை சொன்னது உறுதியானவை. நிலா விஷயம் அப்படியல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறால் மொத்தமாக மோல்ட்டிங் ஆகும், அதாவது உரிக்கும் என்று எந்தப் பண்ணையிலும் சொல்வார்கள். நானும் அந்த நாட்களில் தீனியைக் குறைக்கிறேன், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைக் கூடுதலாக ஓட விடுகிறேன், ஏனென்றால் உரிக்கும்போது ஆக்சிஜன் தேவை ஏறும், மெத்தென்று கிடப்பதை மற்ற இறால் கடித்துவிடும். இறால் தின்கிறதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கும் செக் ட்ரே தட்டில் கண்ணாடித் துண்டு போலக் காலி ஓடு நிறைய ஏறும் நாட்கள் நிலாக் கணக்கோடு ஒத்துப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் ஒத்துப்போகாத நாட்களையும் குறித்து வைத்திருக்கிறேன். ஒரு பெருமழை, உப்புத்தன்மையில் ஒரு மாற்றம், பாதித் தண்ணீரை மாற்றுவது இவையெல்லாம்கூட மொத்தக் குளத்தையும் ஒரே இரவில் உரிக்க வைக்கும். ஒரே நாளில் விட்ட ஒரே வயதுக் குஞ்சுகள் என்பதாலும் சேர்ந்து உரிக்கலாம். கடலில் ஓதம் ஒரு காரணமாக இருக்கலாம், குளத்தில் ஓதம் ஏது? பார்த்தது உண்மை, காரணம் நிலாதான் என்பது இன்னும் முடிவாகவில்லை என்றே சொல்வேன். பௌர்ணமி நண்டில் சதை இருக்காது என்ற சந்தைப் பேச்சையும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே கூடையில் நீராக இருப்பதும் கெட்டியாக இருப்பதும் சேர்ந்தே கிடக்கும், அதனால் தேதியைவிடக் கட்டைவிரலைத்தான் நம்புகிறேன்.

வலிக்குமா? நண்டு, இறால் வலியை உணரக்கூடும் என்பதற்கு ஆதாரங்கள் வலுத்துவிட்டன. 2021ல் லண்டனில் வந்த ஓர் ஆய்வறிக்கை அவற்றைத் தொகுத்துச் சொன்னது, 2022ல் பிரிட்டன் தன் விலங்கு நலச் சட்டத்தில் நண்டையும் இறாலையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் அது காயத்தால் வரும் வலி பற்றியது. உரிப்பது வலிக்கிறது என்று காட்டிய சோதனை எதையும் நான் படித்ததில்லை. பழைய ஓடு பல நாள் முன்பே தோலிலிருந்து விலகிவிட்டதால் அதைக் கிழித்தெடுப்பதாக நினைக்க வேண்டியதில்லை. நகத்தை வெட்டுவது போல என்று மகளுக்குச் சொல்லலாம், நகத்தைப் பிடுங்குவது போல அல்ல. களைப்பு மட்டும் நிச்சயம். முடித்த பிறகு அது கிடக்கும் கிடப்பைப் பார்த்தாலே தெரியும்.

கடைசியாக அந்தக் கால். ஆபத்தில் நண்டு தன் காலைத் தானே ஒரு குறிப்பிட்ட இடத்தில் முறித்து விட்டுவிட்டு ஓடும். அந்த இடத்தில் ஒரு சின்ன மொட்டு வரும், அதற்குள் புதுக் கால் மடிந்து காத்திருக்கும். உரிக்கும் நாளில்தான் விரியும். முதல் தடவை குட்டையாக இருக்கும், அடுத்த இரண்டு மூன்று உரிப்பில் மற்ற காலோடு சேர்ந்துவிடும். நிறைய கால் இழந்த நண்டு வழக்கத்தைவிடச் சீக்கிரம் உரிப்பதும் உண்டு.

இப்போது செய்ய வேண்டியது: ஒரு வாரத்துக்கு நண்டைக் கையில் எடுக்க வேண்டாம். வேறு நண்டோ மீனோ தொட்டியில் இருந்தால் பிரித்துவிடுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு கூரை ஓட்டுத் துண்டு போடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தின்னாது, கவலைப்பட வேண்டாம், மிச்சத் தீனி அழுகித் தண்ணீர் கெடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன வேண்டுகோள் இதுதான்: ஓட்டை வெளியே எடுத்திருந்தால் திரும்பத் தொட்டிக்குள் போட்டுவிடுங்கள், அது தின்னட்டும். நாலைந்து நாள் கழித்து மிச்சம் இருந்தால் நிழலில் காயவைத்து, பின்பக்க மூடியை மெல்லத் தூக்கி மகளிடம் காட்டுங்கள். இரண்டு பக்கமும் செவுளின் உறை சாம்பல் நிறச் சீப்பு போல ஒட்டியிருக்கும். நடுவில், வாய்க்குச் சற்றுப் பின்னால், அரிசி நொய் அளவில் பழுப்புப் பற்கள் இருந்தால் அவை அதன் இரைப்பைக்குள் இருந்தவை. வயிற்றுக்குள் இருந்த அரைக்கும் பற்களைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அது வெளியே வந்திருக்கிறது.